மூன்றாவது விசிலுக்கு ஒரு விளக்கு

குக்கர் விசிலை எண்ணிச் சொல்லும் கருவி ஒன்று செய்து தருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா தறியிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அது பருப்ப கடையுமா?"

"கடையாது."

"பாத்திரம் கழுவுமா?"

"விசில் எண்ணும்மா. அவ்ளோதான்."

"எண்ணுறதுக்கு ஒரு மெசினு. அதுக்குத்தான் உன்ன நாலு வருசம் காலேஜுக்கு அனுப்பிச்சோமா?"

நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ். வேலை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில். வேலை செய்யாத சர்க்யூட் போர்டுகளை என் மேசைக்கு அனுப்புவார்கள்; அவை ஏன் வேலை செய்யவில்லை என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே எனக்குப் பொறுமைசாலி என்று பெயர். காஞ்சிபுரத்தில், எங்கள் தெருவில், எங்கள் வீட்டில், எனக்கு இருக்கும் பெயர் வேறு. அதற்கான காரணங்களை வரிசையாகவே சொல்லிவிடலாம். ஒன்று, நான் சரிசெய்த இஸ்திரிப் பெட்டி நன்றாகச் சூடாகிறது, சூடாவதை நிறுத்துவதுதான் இல்லை. இரண்டு, நான் சரிசெய்த டி.வி. ரிமோட் சத்தத்தைக் கூட்டும், குறைக்காது. மூன்று, கூடத்துச் சுவர்க் கடிகாரம். அதைப் பிரித்துத் துடைத்து மறுபடி பூட்டினேன். ஓடுகிறது, பின்னோக்கி. உள்ளே இருக்கும் ஒரு சின்னத் தகட்டை மாற்றி வைத்தால் அப்படி ஆகும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அப்பா அதை அப்படியே மாட்டி வைத்திருக்கிறார். யாராவது வந்தால் காட்டுவதற்கு.

விசில் விவகாரம் விளையாட்டாகத் தொடங்கவில்லை. அம்மா வீட்டிலேயே நெய்கிறாள். முதலாளி பாவும் பட்டும் சரிகையும் கொடுப்பார். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்; ஒரு பாவில் சில புடவைகள் வரும். ஒவ்வொரு புடவையாக நெய்து கொடுத்து, பாவு தீர்ந்தால், அடுத்த பாவு தருவார். அந்த முறை வந்தது அரக்கு நிறப் பாவு. உடலில் ஒரு புட்டா, அதாவது நெய்த பூ, கிடையாது, ஒரு கட்டம் கிடையாது. இந்த மாதிரிப் புடவையில் தப்பு ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

தறியில் உட்கார்ந்து ஒரே சீராக அடித்துக்கொண்டிருக்கும்வரை துணியும் சீராக வரும். நடுவில் எழலாம், தப்பில்லை. ஆனால் பாவின் இறுக்கத்தைத் தளர்த்திவிட்டு எழ வேண்டும். அப்படியே போட்டுவிட்டுப் பதறி ஓடினால், திரும்பி வந்து அடிக்கும் முதல் சில இழைகள் பழையதோடு ஒட்டாமல் நிற்கும். குறுக்கே ஒரு மெல்லிய கோடு விழும். பூவும் மயிலும் போட்ட புடவையில் அது யார் கண்ணிலும் படாது. வெறும் அரக்கு நிறத்தில் தலையில் வகிடு எடுத்ததுபோல் தெரியும்.

அந்தப் பாவில் நெய்த ஒரு புடவையில் அப்படி ஒரு கோடு விழுந்தது. காரணம் குக்கர். எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்கூடத்தில் தறி, கடைசியில் அடுப்பு. தறி ஓடும்போது அடுப்படியில் குண்டு வெடித்தாலும் அம்மாவுக்குக் கேட்காது. பருப்பு தீயும் வாசனை வந்தபோது அம்மா எழுந்து ஓடியிருக்கிறாள். முதலாளி கோட்டின் மேல் விரலை வைத்துச் சொன்னாராம்: "இதே பாவுல இன்னொரு கோடு பாத்தேன்னா, அடுத்த பாவ வேற தறிக்குக் குட்துருவேன்மா. அப்பறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

பாவில் இன்னும் ஒரே ஒரு புடவைதான் பாக்கி. அது சுத்தமாக வந்தால் அடுத்த பாவு. வராவிட்டால், பாவில்லாத குழித்தறி என்பது கூடத்தின் நடுவில் ஒரு குழி. அவ்வளவுதான். அம்மா இதை எனக்கு விளக்கிச் சொல்லவில்லை. "பருப்பு வேணாம், இனிமே ரசம் மட்டும்தான்" என்று மட்டும் சொன்னாள். பருப்பு இல்லாமல் சோறு இறங்காத அப்பாவின் முகத்தைப் பார்த்தபோது, இதில் என் படிப்புக்கு ஒரு வேலை இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. இந்த மாதிரி எனக்குத் தோன்றும் போதெல்லாம் வீட்டில் ஏதாவது ஒரு பொருள் போகும்.

மின்சாரக் குக்கர் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, பரணில். அப்பா அம்மா கல்யாணத்துக்குப் பரிசாக வந்தது. அதில் வெந்த எதுவும் வெந்த மாதிரி இல்லை என்பது அப்பாவின் தீர்ப்பு. போனில் அலாரம் வைக்கலாமே? வைத்தோம். ஆனால் பருப்பு கடிகாரம் பார்த்து வேகாது. பருப்பு பழசா புதுசா, தண்ணீர் எவ்வளவு, சிலிண்டர் தீர்ந்துகொண்டிருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துத்தான் வேகும். விசில்தான் கணக்கு. மூன்றாவது விசிலில் அணைக்க வேண்டும். அம்மாவுக்கு வேண்டியது ஓர் அறிவிப்பு. முதல் விசில் வந்தது, இரண்டாவது வந்தது என்று தெரிந்தால், மூன்றாவதற்குள் நிதானமாகப் பாவைத் தளர்த்திவிட்டு எழுந்து போவாள்.

மாடி அறையில் உள்ள மேசையில் வேலையைத் தொடங்கினேன். அடுப்புப் பக்கம் ஒரு சின்ன மைக். அது சத்தத்தைப் பிடிக்கும். நடுவில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. அது எண்ணும். தறிக்கு எதிரே சுவரில் மூன்று எல்.இ.டி. விளக்குகள். முதல் விசிலுக்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு மூன்றும் எரிந்து, பிறகு அணைந்து மறுபடி முதலிலிருந்து எண்ணும். மேசையில் வைத்து வாயால் விசிலடித்துச் சோதித்தேன். பிரமாதமாக எண்ணியது. பக்கத்து வீட்டு அக்கா மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர், கைப்பிடிச் சுவர்மேல் எட்டிப் பார்த்து, "இன்னா கண்ணு, யாரப் பாத்து விசிலடிக்கிற?" என்றார். அன்று சாயந்திரத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

சிறு சர்க்யூட்டுகள் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் விஷயம் இது: ஒரு பொருள் எங்கே வாழப்போகிறதோ அங்கே வைத்துச் சோதியுங்கள். மேசை எல்லாவற்றுக்கும் நல்ல இடம், அதனால்தான் மேசையில் எல்லாம் வேலை செய்கிறது. இதை நான் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்பவர்களுக்கு வகுப்பு எடுத்துச் சொல்கிறேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு, இரண்டு முறை சொல்வேன்.

கருவியை மாட்டினேன். அம்மா உட்கார்ந்து, குறுக்கு இழையைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டி ஓர் அடி அடித்தாள். முதல் விளக்கு எரிந்தது. இன்னோர் அடி. இரண்டாவது. மூன்றாவது அடிக்கு மூன்றும் எரிந்தன.

"எம்மா," என்றாள் அம்மா, "பருப்பு இன்னும் டப்பாலதான் இருக்குது. உம் மெசினு வேக வெச்சிருச்சி."

தறியின் சத்தமும் சத்தம்தானே. அந்த வீட்டில் பிறந்து, அந்தச் சத்தத்தில் தூங்கி, அந்தச் சத்தத்தில் பரீட்சைக்குப் படித்தவள் நான். அதனால்தான் அது எனக்குக் கேட்கவே இல்லை போலிருக்கிறது.

இரண்டாவது பதிப்பில் மைக்குக்குக் கொஞ்சம் அறிவு வைத்தேன். தறியின் அடி கனமான, தாழ்ந்த சத்தம். விசில் கீச்சென்ற உயர்ந்த சத்தம். உயர்ந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி எழுதினேன். தறி ஓடியது, விளக்குகள் அசையவில்லை. குக்கர் கத்தியது, ஒன்று எரிந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. அன்று சாயந்திரம் சாமி புறப்பாடு எங்கள் தெரு வழியாக வந்தது. முன்னால் நாதஸ்வரம். தெருமுனையிலிருந்தே விளக்குகள் மூன்றும் ஜொலிக்கத் தொடங்கி, சாமி திரும்பி அடுத்த தெருவுக்குப் போகும்வரை அணையவில்லை. அம்மா வாசலில் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்து விளக்கைப் பார்த்தாள்.

"பரவால்ல. பக்தியாவது இருக்குது."

நாதஸ்வரம் தினமும் வருவதில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, ஒரு விளக்கு அணையவே மாட்டேன் என்றது. குக்கர் இல்லை, சாமி இல்லை, தெருவே அமைதி. அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் நிரலில் பிழை என்று முடிவுகட்டினேன். காலையில் உட்கார்ந்தவள், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தேன். சரியாக இருந்ததை மாற்றி எழுதினேன். மாற்றி எழுதியதைத் திரும்பப் பழையபடி ஆக்கினேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும், மாற்றியதும் சோதிக்க வேண்டும் என்பது பாலபாடம். நான் ஒரே சமயத்தில் ஐந்தை மாற்றினேன். வெயில் இறங்கியபோது மூன்று விளக்குகளும் எரிந்தன.

கடைசியாக, முதலில் செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்தேன். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, போர்டைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். சிப்பின் இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு பொன் மின்னல். சரிகைத் துணுக்கு. கண்ணிமை முடி அளவுகூட இல்லை. நான் பெட்டிக்கு மூடி போடவில்லை. வடிவமைப்பு இன்னும் முடிவாகவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன், உண்மையில் திருகாணியைத் தொலைத்திருந்தேன். மூடியில்லாத பெட்டி அம்மாவுக்குத் தட்டாகத் தெரிந்திருக்கிறது. சரிகை சுற்றிய கட்டையை அதன்மேல் வைத்திருக்கிறாள்.

பட்டு இழையின்மேல் உலோகத்தைச் சுற்றியதுதான் சரிகை. மின்சாரம் அதில் தாராளமாகப் பாயும். எங்கள் வீட்டில் அது எங்கும் இருக்கும். பாயில், தலைமுடியில், சில நாள் குழம்பில். எனவே என் இரண்டாவது அறிவுரை: போர்டுக்கு மின்சாரம் கொடுக்குமுன் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒரு தடவை துடையுங்கள். பிறகு கண்ணால் பாருங்கள். நிரலைப் படிப்பது அதற்கப்புறம். பஞ்சு ஆலை இருக்கும் ஊரில் பஞ்சு, மாவு மில் இருக்கும் இடத்தில் மாவு. உங்கள் ஊரில் எது பறக்கிறதோ அது உள்ளே வந்திருக்கும்.

இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. சரிகையில் மின்சாரம் பாயும் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் மல்டிமீட்டரை வைத்துக் காட்டினேன். இரண்டு முனைகளையும் வைத்தால் 'பீப்' என்று கத்தும். அக்கா ஓடிப்போய், நாத்தனார் வாங்கிக் கொடுத்த புடவையைக் கொண்டுவந்தார். முந்தானையில் முனைகளை வைத்தேன். கத்தவில்லை. இடம் மாற்றி வைத்தேன். கத்தவில்லை. பளபளப்பான பிளாஸ்டிக். கத்தினால் வெள்ளி என்று அர்த்தமில்லை, செம்பும் கத்தும். ஆனால் கத்தாவிட்டால் உலோகமே இல்லை என்று பெரும்பாலும் நம்பலாம். இதை நான் தெளிவாக, வரிசையாக விளக்கினேன். அக்கா நடுவில் நிறுத்தினார். "ஏன் கண்ணு, உன் மிசினுல பேட்டரி தீந்துட்ச்சின்னு சொல்லத் தெரியாதா உனக்கு?" பிறர் வீட்டுப் பொருளைச் சோதிக்குமுன் பதில் வேண்டுமா என்று கேளுங்கள். இது மூன்றாவது என்று வைத்துக்கொள்ளலாம்.

அக்கா எங்கள் கதையில் இன்னும் பெரிய இடம் பிடிக்க இருந்தார். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சுவரின் இந்தப் பக்கம் எங்கள் அடுப்பு, அந்தப் பக்கம் அவருடையது. அவர் பட்டு நூல் சுற்றுகிறவர், அமைதியான வேலை, அதனால் அவருக்கு எங்கள் விசிலும் கேட்கும், அவர் விசிலும் கேட்கும். என் மைக்குக்கும் அப்படித்தான்.

எனக்கு வார விடுமுறையாக இருந்த ஒரு நாள் அது. மாடியில் காதில் பாட்டைச் செருகிக்கொண்டு, விளக்குகளுக்குப் பதில் எண்ணைக் காட்டும் திரை வைத்தால் இன்னும் அழகாக இருக்குமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கீழே முதல் விளக்கு எரிந்ததாம். பிறகு இரண்டு. அம்மா முறைப்படி பாவைத் தளர்த்திவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பார்த்தால் எங்கள் குக்கர் இன்னும் மூச்சுகூட விடவில்லை. திரும்பி வந்து இறுக்கி உட்கார்ந்தாள். மூன்றாவது எரிந்தது. மறுபடி போனாள். மறுபடி ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டில் அக்கா சுண்டல் வேக வைத்துக்கொண்டிருந்தார். அதற்கு எத்தனை விசில் என்று கணக்கே கிடையாது.

அதற்குப் பிறகு விளக்கு எரிந்தபோதெல்லாம், அது சுண்டல் என்று அம்மா முடிவு செய்துகொண்டாள். அது எங்கள் பருப்பு.

நான் காதிலிருந்து பாட்டை எடுத்தபோது வாசனை மாடிவரை வந்திருந்தது. இறங்கி ஓடினேன். பாவைத் தளர்த்தாமலே ஓடிவந்திருந்த அம்மா, கையில் இடுக்கியுடன், கறுத்துப்போன குக்கரைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. போய்த் தறியில் உட்கார்ந்து வேகவேகமாக நெய்தாள். ஒரு சாண் அளவு ஓட்டிய பிறகு, துணியைச் சுற்றுவதற்கு முன், வாசல் வெளிச்சம் படும்படி குனிந்து பார்த்தாள். விரலால் தடவினாள். கை நின்றது.

நானும் பார்த்தேன். ஒரு கரையிலிருந்து மறு கரைவரை, நேராக, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் ஒரு கோடு.

அம்மா கேலி செய்யும் வரைக்கும் எனக்குப் பயமில்லை. அன்று கேலி இல்லை. மதியம் அப்பா சாப்பிட உட்கார்ந்து, தட்டில் விழுந்ததைப் பார்த்து, "இன்னிக்குப் பருப்ப அடுப்புல வெச்சியா, சாயப் பட்டறைக்கு அனுப்பிட்டியா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் கோட்டைப் பார்த்த பிறகு ஊறுகாயை மட்டும் எடுத்துக்கொண்டு சாப்பிட்டார்.

சாப்பாடு முடிந்ததும் அம்மா சொன்னாள். "வா, வந்து உக்காரு. பிரிக்கணும்."

நெய்ததைப் பிரிப்பது நெய்வதைவிட மெதுவான வேலை. அம்மா மிதிப்பாள், பாவு வாய் திறக்கும், கடைசியாகப் போன இழையை நான் இந்தப் பக்கத்திலிருந்து உருவி எடுத்துச் சுற்ற வேண்டும். பிறகு அடுத்த மிதி, அடுத்த இழை. உருவும்போது பாவின் இழைகள் உராய்ந்து பஞ்சாகிவிடக் கூடாது. எனக்குப் பழக்கமான வேலைதான் என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. தொழிற்சாலையில் நான் செய்வதில் பாதி, போர்டில் பற்றவைத்த பாகங்களைக் கழற்றுவது. அவசரப்பட்டு இழுத்தால் அடியில் இருக்கும் செம்புத் தடமும் கையோடு வந்துவிடும். சூடு போதும்வரை காத்திருந்து, தானாக விடும்போது எடுக்க வேண்டும். இங்கே சூடு இல்லை, காத்திருப்பது மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் எங்களுக்குள் ஒரு தாளம் வந்துவிட்டது.

அக்கா வாசலில் தலையை நீட்டினார். "இன்னாக்கா, ஆத்தாளும் மவளும் பூ ஆயுறீங்களா?"

"உஞ் சுண்டலத்தான் ஆயுறோம்," என்றாள் அம்மா.

"எங்கூட்டுக் குக்கருக்கு உங்கூட்ல லைட்டு எரியுதாமே. கரண்ட்டு பில்லுல பங்கு கேக்காதக்கா, சொல்ட்டேன்."

அம்மா சிரித்தாள். அன்றைக்கு முதல் சிரிப்பு. நான் இழையைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். வாசல் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தபோது கோடு இருந்த இடத்தைத் தாண்டிவிட்டோம். அம்மா பாவைத் தொட்டுப் பார்த்து, ஓரிடத்தில் இரண்டு இழைகளை முடிந்து சேர்த்தாள். இறுக்கினாள். முதல் அடி அடித்தாள். இரண்டாவது. குனிந்து பார்த்தாள். மூன்றாவது அடித்தாள்.

மறுநாளிலிருந்து, என் கருவியின் இடத்தில் நானே நியமிக்கப்பட்டேன். வேலைக்குப் போகுமுன், அல்லது வந்த பின், பருப்பு ஏறும் நேரத்துக்கு நான் அடுப்படியில் நின்று எண்ண வேண்டும். மூன்றாவது விசிலில் அணைக்க வேண்டும். தவறே நடக்கவில்லை. பொறியியல் படித்த ஒரு பெண் குக்கரை முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பது நம்பகமான முறை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஆனால் என் ஷிப்ட் மாறும் வாரம் வந்துகொண்டிருந்தது.

அப்படி நின்றுகொண்டிருந்த ஒரு காலையில்தான் கரித்துணியைக் கவனித்தேன். அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. விசில் வரும்போதெல்லாம் நீராவி பட்டு அதன் ஓரம் எழும்பி விழுந்தது. பக்கத்து வீட்டு விசிலுக்கு அசையவில்லை. தறிக்கு அசையவில்லை. சாமி வந்தாலும் அசையாது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. இத்தனை நாள் நான் குக்கரின் சத்தத்தையே துரத்தியிருக்கிறேன். சத்தம் சுவரைத் தாண்டும். ஆவி தாண்டாது.

அதற்கப்புறம் செய்ததைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. அப்பாவின் பழைய எக்ஸ்ரே படத்திலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டினேன். அதன் ஒரு முனையை அடுப்புக்கு மேலே, சுவரில் அறைந்த சட்டத்தில் கதவுபோல் ஆடும்படி பொருத்தினேன். ஆவி அடித்தால் மறு முனை மேலே எழும்பும். அந்த முனையில், மின்சாரம் பாய்வதற்கு, லேசான ஏதாவது ஒன்றைச் சுற்ற வேண்டும். கம்பி கனம், படம் எழும்பாது. தகடு வளையாது. வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருந்தவள், என் சட்டைக் கையில் மின்னிய துணுக்கைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன்.

அம்மாவிடம் ஒரு முழம் சரிகை கேட்டேன். கழிவில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தாள். படத்தின் முனையில் அதை நெருக்கமாகச் சுற்றினேன். அதற்கு நேர் மேலே, ஒன்றையொன்று தொடாமல் இரண்டு செப்புக் கம்பி முனைகள். ஆவி படத்தைத் தூக்கும்போது சரிகை இரண்டையும் தொட்டு இணைக்கும். அங்கிருந்து சுவரோரமாக ஒயர், மூன்று பேட்டரி செல், ஒரு ரெசிஸ்டர், தறிக்கு எதிரே ஒரே ஓர் எல்.இ.டி. அவ்வளவுதான். மைக் இல்லை, போர்டு இல்லை, நிரல் இல்லை. விசில் அடிக்கும்போது விளக்கு எரியும், நின்றால் அணையும். எத்தனை என்று எண்ணுவது அம்மாவின் வேலை. அது அவளுக்கு வரும்.

பேட்டரி, விளக்கு, சுவிட்ச். ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் வரும் படம். அதற்குப் பிறகு நான் படித்தது எல்லாவற்றையும் படிக்காமல் விட்டிருந்தாலும் இதைச் செய்திருக்கலாம். ஒருவேளை சீக்கிரமாகவே செய்திருப்பேன். செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். அடுப்படியில் ஈரம் உண்டு, எனவே பேட்டரியிலேயே செய்யுங்கள், வீட்டு மின்சாரத்தை அங்கே இழுக்க வேண்டாம். ஒயர் தீக்குப் பக்கத்தில் போகக் கூடாது. குக்கரின் ஆவி வழியை எதுவும் அடைக்கக் கூடாது. படம் குக்கருக்கு ஒரு சாண் மேலே இருந்தால் போதும். ரெசிஸ்டரை விட்டுவிட்டால் எல்.இ.டி. மிகப் பிரகாசமாக, மிகக் கொஞ்ச நேரம் எரியும். சரிகையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும், வாரம் ஒரு முறை துடையுங்கள்.

அம்மா முதல் நாள் அதை நம்பவில்லை. தறியில் உட்கார்ந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். எரிந்தது, அணைந்தது. பக்கத்து வீட்டில் அக்கா குக்கர் கத்தியது, எரியவில்லை. மறுபடி எங்களுடையது. எரிந்தது. அம்மா பாவைத் தளர்த்தினாள், சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள், கோயிலுக்குப் போவதுபோல் நடந்து போனாள். மூன்றாவது விசில் வந்தபோது அவள் கை அடுப்புக் குமிழின்மேல் இருந்தது.

"சரிக போட்டதும் புத்தி வந்துட்ச்சி பாரு," என்றாள். எனக்கா கருவிக்கா என்று நான் கேட்கவில்லை.

புடவை முடிந்தது. என் ஸ்கூட்டரில் அம்மாவை உட்கார வைத்து முதலாளி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அவர் வெள்ளை விரிப்பின்மேல், டியூப் லைட்டுக்கு நேர் கீழே புடவையைப் பிரித்தார். அவர் பேசிக்கொண்டே பார்ப்பவர் இல்லை. முழங்கையால் அளந்து அளந்து, தடவிக்கொண்டே போனார். நாங்கள் பிரித்து நெய்த இடம் எது என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், இருவரும் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தோம்.

அந்த இடத்தில் அவர் விரல் நின்றது.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். குனிந்தார். நகத்தால் எதையோ சுரண்டி எடுத்து உள்ளங்கையில் போட்டார். கடுகு அளவில் ஒரு சாம்பல் நிற உருண்டை.

"இது இன்னாம்மா?"

அம்மா உருண்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு அது என்ன என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. பற்றவைக்கும்போது தெறிக்கும் ஈயம். அன்று இழை உருவ உட்கார்ந்தபோது நான் போட்டிருந்தது மாடி மேசையில் போடும் அதே துப்பட்டா. தொழிற்சாலையில் மேல்கோட்டைக் கழற்றி மாட்டாமல் சாப்பிடக்கூடப் போகமாட்டோம். சரிகை என் போர்டுக்குள் வந்ததற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க முணுமுணுத்தவள் நான்.

"எம் பொண்ணு வேல செய்ற ஈயம் மொதலாளி," என்றாள் அம்மா. "கூட உக்காந்து ஒத்தாச பண்ணிச்சி. ஒட்டிக்கிச்சி போல."

அவர் அந்த இடத்தைத் தூக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். அடிப்பக்கம் திருப்பினார். ஈரத் துணியால் துடைத்தார், காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். கறை இல்லை, பொசுங்கல் இல்லை. சுடும்போது விழவில்லை, ஆறிய பிறகு ஒட்டியிருக்கிறது. மறுபடி இரண்டு விரலால் நீவினார். கோடு தேடுகிறார் என்று எனக்குத் தோன்றியது. நான் காலண்டரில் அந்த மாதத்துக் கிருத்திகை, பிரதோஷம் எல்லாம் எப்போது வருகிறது என்று மனப்பாடம் செய்தேன்.

புடவையை மடித்தார். உள்ளே பார்த்து, "அந்தப் பச்சப் பாவ எட்தா," என்றார். அம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

பிறகு அவர் என் பக்கம் திரும்பி, அம்மாவிடம் கேட்டார். "பொண்ணு இன்னா வேல பாக்குது?"

"விசில் எண்ணுது," என்றாள் அம்மா.

திரும்பி வரும்போது அம்மா பாவுச் சுருணையை மடியில் குழந்தைபோல் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள். பேருந்து நிலையம் தாண்டினோம். பிறகு என் தோளைத் தட்டினாள்.

"பச்ச. இதுலயும் புட்டா இல்ல. வீட்டுக்குப் போனதும் மொதல்ல அந்தத் துப்பட்டாவ மாடிலயே வெச்சிட்டு வா."